புழு வேண்டாம், இறகு போதும்! இமயமலை ஆற்றில் ட்ரவுட் பிடிக்கக் கிளம்புறீங்களா?

மீன் பிடிக்கிறதுன்னா நமக்குத் தெரிஞ்ச செட்டப் ரொம்ப சிம்பிள். ஒரு மூங்கில் குச்சி, கொஞ்சம் நரம்பு, ஒரு முள், ஒரு தக்கை, கொட்டாங்குச்சி நிறைய மண்புழு. குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து தக்கை முங்குதான்னு பார்த்துக்கிட்டே இருந்தா போதும். மீன் உங்களைத் தேடி வரும்.

ஃப்ளை ஃபிஷிங் இதுக்கு நேர் எதிர். இங்கே மீனைத் தேடி நீங்கதான் போகணும். முழங்கால் அளவு ஐஸ் தண்ணியில் நின்னு, கண்ணுக்குத் தெரியாத மீன் எந்தக் கல்லுக்குப் பின்னாடி நிக்குதுன்னு கணக்குப் போடணும். முள்ளில் புழு கிடையாது. கோழி இறகு, முயல் ரோமம், பட்டு நூல் இதையெல்லாம் சுத்திச் செஞ்ச ஒரு பொம்மைப் பூச்சி. அதுதான் 'ஃப்ளை'.

மணாலி, கசோல்னு போய் வந்தவங்க அடுத்த ட்ரிப்புக்கு ஹிமாச்சலின் தீர்த்தன் பள்ளத்தாக்கை லிஸ்ட்டில் சேர்க்க ஆரம்பிச்சிருக்காங்க. ஆத்துக்கு மேல வளையம் வளையமா கயிறு பறக்கிற அந்த ஸ்லோமோஷன் ரீல்ஸை நீங்களும் பார்த்திருக்கலாம். பார்க்க அழகாத்தான் இருக்கும். ஆனா ட்ரவுட் சிக்குறதும் சிக்காததும் அந்த அழகில் இல்லை. தண்ணியைப் படிக்கத் தெரியறதுல இருக்கு. போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியதைப் பார்த்துடலாம்.

எடை முள்ளில் இல்லை, கயிற்றில்!

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டோட எடைதான் நரம்பை இழுத்துக்கிட்டுப் பறக்கும். பொம்மைப் பூச்சிக்கு எடைன்னு சொல்ல ஒண்ணுமே இல்லை. பொரியைத் தூக்கி எறிஞ்சா என்ன ஆகும்? காலடியிலேயே விழும். அதனால இந்த விளையாட்டில் எடையைக் கயிற்றுக்கே கொடுத்துட்டாங்க. பிளாஸ்டிக் பூச்சு போட்ட தடிமனான கயிறு அது. ஆறுகளில் பொதுவா பயன்படுத்துற 5-ம் எண் கயிற்றில் முதல் 30 அடியோட எடை சுமார் 9 கிராம். கம்பு கயிற்றை வீசுது, கயிறு பூச்சியைக் கூட்டிக்கிட்டுப் போகுது. அவ்வளவுதான் மொத்த இயற்பியலும்.

கயிற்றின் நுனியில் 'லீடர்' என்று ஒரு 9 அடி நரம்பு. போகப் போக மெலிந்து, பூச்சியைக் கட்டுற இடத்தில் 0.15 மில்லிமீட்டர்தான் இருக்கும். தெளிந்த நீரில் ட்ரவுட்டின் கண்ணுக்குப் படக் கூடாதே!

ஆரம்பத்தில் 9 அடிக் கம்பு, 5-ம் எண் மிதக்கும் கயிறு, நாலைந்து வகைப் பூச்சிகள் இருந்தால் தாராளம். எல்லாமே தங்குற இடத்திலேயோ வழிகாட்டியிடமோ கேட்டு வாங்கிக்கிறது நல்லது. ஒரு ட்ரிப்புக்காக ஆன்லைனில் கம்பு ஆர்டர் போடாதீங்க. இன்னும் சுலபமா வேணும்னா ஜப்பான்காரங்களோட 'டெங்காரா' இருக்கு. ரீலே கிடையாது, நீளமான கம்பின் நுனியில் நேரடியா கயிறு. மலை ஓடைகளுக்காகவே உருவான முறை அது. நம்ம மூங்கில் தூண்டிலுக்குத் தூரத்துச் சொந்தம்னு வெச்சுக்கலாம்.

பூச்சி கட்டுறது தனிக் கலை, பழைய கலையும்கூட. மாசிடோனியாவில் மீனவர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளியும் சேவல் இறகும் சுற்றிப் புள்ளி மீன்களைப் பிடித்ததை, சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானிய எழுத்தாளர் ஈலியன் பதிவு செய்திருக்கிறார். இதில் நம்ம ஊருக்கும் ஒரு பங்கு இருக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையில் கூவித் திரிகிற சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகில் மஞ்சள் வெள்ளையாப் பளபளக்கும் புள்ளிகள் இருக்கும். பழைய பிரிட்டிஷ் ஃப்ளைகளுக்கு அந்த இறகு மேல அப்படியொரு மோகம். மூட்டை மூட்டையா கப்பலேறிச்சு. பிறகு இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்தது. இப்போ வெளிநாடுகளில் வளர்க்கப்படுற பறவைகளின் இறகுதான் சந்தைக்கு வருது. எனவே காட்டுல கீழே கிடக்குதேன்னு இறகைப் பொறுக்கிப் பைக்குள்ள போட்டுக்காதீங்க.

வீசறதுல ஒரே ஒரு ரகசியம்

காத்திருக்கிறது. சீரியஸாத்தான்!

தலைக்கு மேல ஒரு கடிகாரம் இருக்கிறதா நினைச்சுக்கோங்க. கம்பைப் பின்னால் 1 மணிக்குக் கொண்டுபோய் சட்டென நிறுத்தணும். கயிறு பின்பக்கம் பறந்துபோய் முழுசா நீளும் வரை கை அசையக் கூடாது. நீண்ட பிறகு முன்னால் 10 மணிக்குக் கொண்டுவந்து மறுபடியும் சட்டென நிறுத்தணும். கயிறு சுருள் பிரிஞ்சு முன்னே போய், பூச்சி இலை உதிர்ற மாதிரி தண்ணியில் இறங்கும். புதுசா வர்றவங்க எல்லாரும் பின்னால் போன கயிறு நீள்றதுக்குள்ள முன்னே இழுத்துடுவாங்க. 'பளார்'னு சாட்டைச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டா முள் இருக்கிற முனையைப் பாருங்க. பெரும்பாலும் பூச்சி அறுந்து போயிருக்கும்.

இன்னொரு தப்பு, பலத்தைக் காட்டறது. ஜிம் பாடிக்கு இங்கே வேலையில்லை. மலை ஆறுகளில் பெரும்பாலான மீன்கள் 20, 30 அடிக்குள்ளதான் மாட்டும். அதுக்கு முழங்கையும் மணிக்கட்டும் சரியான நேரத்தில் நின்னாலே போதும்.

முதல் ஒரு மணி நேரம் ஆத்துப் பக்கமே போகாம, புல்தரையில் முள்ளுக்குப் பதிலா கம்பளி நூல் துண்டைக் கட்டி வீசிப் பழகுங்க. கண்ணாடியும் தொப்பியும் கட்டாயம். காத்து திசை மாறினா முள் உங்க காதைத் தேடி வரும், கண்ணையும்தான்.

தீர்த்தன் கரையில் மரங்கள் அதிகம். பின்னால் கயிறு பறக்க இடமே இருக்காது. அந்த மாதிரி இடங்களுக்கு 'ரோல் காஸ்ட்' இருக்கு. கயிற்றைத் தண்ணி மேலேயே விட்டு, கம்பை மெதுவாத் தூக்கி, தோளுக்குப் பக்கத்தில் கயிறு தொய்வா தொங்கும்போது முன்னே தட்டினா சக்கரம் மாதிரி உருண்டு போகும். வழிகாட்டிகிட்ட முதல்ல இதைக் கத்துக்கொடுக்கச் சொல்லிக் கேளுங்க.

ஆற்றைப் படிக்கத் தெரியணும்

உண்மையான சுவாரஸ்யம் இங்கேதான். ட்ரவுட் எப்பவும் ஓட்டத்தை எதிர்த்து, மேல் நோக்கித் தலை வெச்சு நிக்கும். அதுக்குப் பிராணவாயுவும் வேணும், சாப்பாடும் வேணும். ஆனா சக்தி வீணாகக் கூடாது. பந்தியில் உட்கார்ந்தவர் இடத்தை விட்டு அசையாம இலைக்கு வர்றதைச் சாப்பிடுற மாதிரி, மெதுவான தண்ணியில் நின்னுக்கிட்டு, பக்கத்தில் ஓடுற வேகமான தண்ணி கொண்டுவர்ற பூச்சியை எட்டிப் பிடிக்கும்.

அப்போ நீங்க தேட வேண்டியது என்ன? வேகமான நீரும் மெதுவான நீரும் உரசிக்கிட்டுப் போற கோடு. நுரை மிதந்து போறதைக் கவனிச்சாலே அந்தக் கோடு தெரிஞ்சுடும். நுரை போற வழியிலதான் பூச்சியும் போகும். பெரிய பாறைக்குப் பின்னாடி தண்ணி அடங்குற இடம், பாறைக்கு முன்னாடி தண்ணி மோதித் திரும்புற சின்ன இடம், வேர்கள் தொங்குற கரையோர நிழல், மடு முடிஞ்சு தண்ணி மறுபடி ஆழம் குறையற வால் பகுதி... இதெல்லாம் ட்ரவுட்டோட நிரந்தர முகவரி. ஆத்து நடுவுல பளிச்சுனு வெயில் அடிக்கிற ஆழமில்லாத இடத்தைப் பார்த்து மணிக்கணக்கா வீசிக்கிட்டிருக்கிறவங்களைப் பார்த்தா பாவமா இருக்கும்.

மீன் மேல்நோக்கிப் பார்த்து நிக்கிறதால நீங்க கீழிருந்து, அதாவது அதோட முதுகுப் பக்கமா நெருங்கணும். நேர் பின்னால் மட்டும் அதுக்குப் பார்வை எட்டாது. ஒளி தண்ணிக்குள்ள வளைந்து போறதால, மீனுக்கு வெளியுலகம் தலைக்கு மேல ஒரு வட்ட ஜன்னல் வழியாத்தான் தெரியும். குனிஞ்சு, நிழல் தண்ணியில் விழாம போனா அந்த ஜன்னலின் ஓரத்துக்குள்ள ஒளிஞ்சுக்கலாம். ஆரஞ்சு கலர் ஜாக்கெட்டை இன்ஸ்டாவுக்குன்னு தனியா வெச்சுக்கோங்க!

சரி, என்ன பூச்சி கட்டறது? கூகுள் பண்ண வேண்டாம். ஆழமில்லாத இடத்தில் ஒரு கூழாங்கல்லைப் புரட்டிப் பாருங்க. அடியில் தட்டையா ஆறு காலோட ஊர்றது மேஃப்ளையின் இளம்பருவம். மணலும் குச்சியும் ஒட்டிக் கூடு கட்டியிருக்கிறது கேடிஸ் புழு. இதெல்லாம் மாசக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் தண்ணிக்குள்ளேயே வாழ்ந்து, ஒருநாள் மேல வந்து இறக்கை முளைச்சுப் பறக்கும். மழை முடிஞ்ச சாயங்காலம் நம்ம ஊர்ல ஈசல் கிளம்புதே, அந்த மாதிரி கூட்டமா கிளம்பி, முட்டையிட்டு, ஓரிரு நாளில் மேஃப்ளையின் கதை முடிஞ்சுடும். அந்த நேரத்தில் மீன்கள் மேல வந்து 'களுக்'னு விழுங்கும். தண்ணியில் வட்டம் வட்டமா விரியும். அப்போ கட்ட வேண்டியது மிதக்கும் 'ட்ரை ஃப்ளை'. வட்டம் எதுவும் தெரியலைன்னா மூழ்கும் 'நிம்ஃப்'. ட்ரவுட்டோட சாப்பாட்டில் பெரும்பகுதி தண்ணிக்கு அடியிலதான், அதனால நிம்ஃப்தான் அதிக மீன் கொடுக்கும். பார்த்து முடிச்சதும் கல்லை இருந்த மாதிரியே வெச்சுடுங்க.

பூச்சி, நுரையோட வேகத்திலேயே மிதந்து போகணும். கயிறு ஓட்டத்தில் மாட்டி பூச்சியை இழுத்தா, அது ஸ்பீட் போட் மாதிரி கோடு போட்டுக்கிட்டுப் போகும். உயிருள்ள பூச்சி அப்படிப் போகாதுன்னு ட்ரவுட்டுக்கு நல்லாவே தெரியும். கயிறு விழுந்ததுமே அதோட நடுப்பகுதியை மேல்பக்கமா ஒரு தடவை தூக்கிப் போட்டா கொஞ்ச நேரம் இழுப்பில்லாம மிதக்கும். மீனுக்கும் ஆளுக்கும் நடக்கிற போட்டியில் பாதி இந்தச் சின்ன அசைவுலயே முடிஞ்சுடும்.

ஏரியில் கதை வேற. ஓட்டம் இல்லாததால மீன் ஒரே இடத்தில் நிக்காது, கரையோரமா ரோந்து சுத்தும். ஓடை வந்து ஏரியில் கலக்கிற வாய், காத்து அடிச்சு ஒதுக்குற கரை, இந்த ரெண்டு இடத்தில் நின்னு பூச்சியை மெதுவா இழுத்து இழுத்து விடுங்க. பொறுமை கூடுதலா வேணும். சொல்லப்போனா எனக்கு ஆறுதான் பிடிக்கும்.

யார் இந்த விருந்தாளி?

ட்ரவுட் இமயமலையின் மீன் இல்லை. நீலகிரியின் மீனும் இல்லை. பிரவுன் ட்ரவுட்டுக்குப் பூர்வீகம் ஐரோப்பாவும் மேற்கு ஆசியாவும். ரெயின்போ ட்ரவுட் பசிபிக் கரையோர வட அமெரிக்காவிலிருந்தும் கிழக்கு ரஷ்யாவிலிருந்தும் வந்தது. லண்டனில் விட்டுட்டு வந்த வார இறுதிப் பொழுதுபோக்கை இங்கேயும் தொடரணும்னு நினைச்ச வெள்ளைக்காரங்க, முட்டைகளை ஐஸில் வெச்சுக் கப்பலேத்தினாங்க. 1860-களில் நீலகிரியில் மீனியல் அறிஞர் ஃபிரான்சிஸ் டே முயன்று பார்த்தார், பலிக்கவில்லை. காஷ்மீருக்கு 1899-ல் அனுப்பிய முட்டைகள் வழியிலேயே அழிந்தன. மறு வருஷம் வந்தவை பிழைத்தன. அங்கிருந்து 1909 வாக்கில் குலு பள்ளத்தாக்குக்குப் பரவின. நம்ம ஊட்டி பக்கம் அவலாஞ்சியில் 1907-ல் ஹெச்.சி.வில்சன் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகு ரெயின்போ நிலைத்தது. இலங்கையின் நுவரெலியா ஓடைகளில் அதற்கும் முன்பே ட்ரவுட் நீந்த ஆரம்பிச்சிருந்தது.

இந்தக் கதையை 'அட, சூப்பர்ல'ன்னு மட்டும் கேட்டுட்டுப் போக முடியாது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் நிபுணர் குழு வெளியிட்ட, உலகின் மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் பிரவுன், ரெயின்போ ரெண்டுமே இருக்கு. இமயமலை ஆறுகளின் சொந்த மீன் 'ஸ்னோ ட்ரவுட்'. பேருதான் ட்ரவுட், உண்மையில் கெண்டை இனம். பாறையில் படிஞ்ச பாசியைச் சுரண்டித் தின்னு பிழைக்கிற சாது. பிரவுன் ட்ரவுட்டோ வேட்டை மீன். குஞ்சையும் விடாது, இடத்தையும் விடாது.

இங்கேதான் தீர்த்தன் ஒரு விசித்திரமான ட்விஸ்ட் வைக்குது. பக்கத்து ஆறுகளில் எல்லாம் நீர்மின் திட்டங்கள் வரிசை கட்டினப்போ, தீர்த்தனிலும் சிறு திட்டங்கள் வர இருந்தன. உள்ளூர் மக்கள் எதிர்த்தாங்க, கோர்ட் வரைக்கும் போனாங்க. ஆறு தப்பிச்சது. அந்த ஆற்றைத் தொடாம விடணும்னு சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது, அங்கே ட்ரவுட் இருக்கு என்பது! குடியிருக்கிற மீனை விரட்ட வந்த விருந்தாளிதான், வீடு இடிபடாம இருக்கவும் காரணமாகிடுச்சு.

என்னைக் கேட்டா, நூறு வருஷமா இது வாழ்ந்துக்கிட்டிருக்கிற ஆறுகளில் லைசென்ஸோட பிடிக்கிறதில் தப்பில்லை. ஆனா 'எங்க ஊர் ஓடையிலும் ரெண்டு விட்டா என்ன?'ங்கிற யோசனை மட்டும் கூடவே கூடாது. ஒருதடவை விட்டதைத் திரும்பப் பிடிக்க யாராலும் முடியாது.

கையில் கிடைச்சாச்சு... அப்புறம்?

லைசென்ஸில் எத்தனை மீன், எந்த அளவுன்னு விதி இருக்கும். சின்ன மீனை விட்டுத்தான் ஆகணும். விடுறதா இருந்தா ஒழுங்கா விடணும். முள்ளின் எதிர்க்கொக்கியை முன்கூட்டியே குறடால் நசுக்கிடுங்க. சுலபமா கழன்று வரும். தொடறதுக்கு முன் கையைத் தண்ணியில் நனைங்க. காய்ந்த கை, மீன் மேல இருக்கிற வழவழப்பான பாதுகாப்புப் படலத்தை உரிச்சுடும். செவுளுக்குள் விரல் விடக் கூடாது. செல்ஃபி எடுக்கணுமா? கேமரா ரெடியானதும் ரெண்டு விநாடி தூக்கினா போதும். 100 மீட்டர் ஓடி முடிச்சவங்க தலையைத் தண்ணிக்குள் அமுக்கினா எப்படி இருக்கும்? போராடிக் களைச்ச மீனை வெளியே தூக்கிப் பிடிக்கிறதும் அதேதான். ஓட்டத்துக்கு எதிரா முகத்தை வெச்சுப் பிடிச்சுக்கிட்டா, தெம்பு வந்ததும் அதுவே உதறிக்கிட்டுப் போயிடும்.

ட்ரவுட்டுக்குத் தண்ணி 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை இருந்தா சொர்க்கம். 20-ஐத் தாண்டினா நீரில் பிராணவாயு குறைஞ்சு, விட்ட மீன்கூடப் பிழைக்கிறது கஷ்டம். வெயில் ஏறின மத்தியானத்தில் தூண்டிலைச் சுருட்டிட்டு ராஜ்மா சாவல் சாப்பிடப் போயிடுங்க. ஹோம்ஸ்டேயில் தட்டுக்கு வர்ற ட்ரவுட் பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்த ரெயின்போ. குலு பக்கம் பட்லிகுலில் நார்வே நாட்டின் உதவியோட ஆரம்பிச்ச பண்ணை வளர்ப்பு, இன்னைக்குப் பல குடும்பங்களுக்கு வருமானம். மீன் சாப்பிடணும்கிற ஆசையை அங்கே தீர்த்துக்கலாம்.

எப்போ, எப்படிப் போறது?

ஹிமாச்சலில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை ட்ரவுட் பிடிக்கத் தடை. பிரவுன் ட்ரவுட் கூழாங்கல்லில் குழி தோண்டி முட்டையிடுற காலம் அது. சும்மா ஆற்றில் இறங்கி நடந்தாலே முட்டைகள் நசுங்கும். காஷ்மீரில் சீசன் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. தீர்த்தனுக்கு மார்ச் முதல் ஜூன் நடு வரைக்கும், மழை ஓய்ஞ்ச பிறகு செப்டம்பர் கடைசி, அக்டோபரும் நல்ல நேரம். ஜூலை, ஆகஸ்டில் தண்ணி கலங்கி ஓடும், மலைச்சரிவும் உண்டு. 2023 ஜூலையில் குலு மாவட்டம் பட்ட பாட்டை நியூஸில் பார்த்திருப்பீங்க.

மீன்வளத் துறையின் லைசென்ஸ் இல்லாம கம்பைத் தொடாதீங்க. தங்குற இடத்தில் சொன்னா வாங்க வழிகாட்டுவாங்க. கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்காவுக்குள்ள தூண்டிலைக் கொண்டுபோக நினைக்கவும் வேண்டாம். 'ஊட்டியிலேயே ட்ரவுட் இருக்கே, எதுக்கு ஹிமாச்சல்?'னு கேட்கிறவங்களுக்கும் இதே பதில்தான். அவலாஞ்சி, முக்குருத்தி ஓடைகள் எல்லாம் வனத்துறையின் பாதுகாப்பில் இருக்கிற காடு. அனுமதி இல்லாம உள்ளே போறதே குற்றம்.

இன்னொரு விஷயம், இதைத் தயவுசெஞ்சு ஸ்கிப் பண்ணாதீங்க. தீர்த்தன் போய்க் கலக்கிற பியாஸ் ஆற்றில் லார்ஜி அணை இருக்கு. 2014 ஜூன் 8 அன்னைக்கு, அந்த அணைக்குக் கீழே ஆற்றுப் பாறைகளில் இறங்கி போட்டோ எடுத்துக்கிட்டிருந்த ஹைதராபாத் இன்ஜினீயரிங் மாணவர்கள் 24 பேரை, திடீர்னு திறந்துவிட்ட தண்ணி அடிச்சுட்டுப் போச்சு. அணைக்குக் கீழே இருக்கிற எந்த ஆற்றிலும், தண்ணி எவ்வளவு சாதுவா தெரிஞ்சாலும் நடுப்பாறைக்குப் போகாதீங்க. அணை இல்லாத தீர்த்தனிலும் தொடைக்கு மேல இறங்க வேண்டாம். மேல மலையில் மழை பெய்தா இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணி ஏறும். தெளிஞ்சிருந்த தண்ணி கலங்க ஆரம்பிச்சாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ, மாட்டின மீனை விட்டுட்டாவது கரை ஏறிடுங்க. கூட ஒரு உள்ளூர் ஆள் இருக்கிறது இதுக்காகவும்தான்.

டெல்லியிலிருந்து மணாலி போற நைட் பஸ்ஸில் ஏறி, மண்டி தாண்டினதும் வர்ற 'ஔட்' என்ற சின்ன ஊரில் இறங்கணும். அங்கிருந்து லார்ஜி வழியா பஞ்சார் சுமார் 30 கிலோமீட்டர். லோக்கல் பஸ், டாக்ஸி ரெண்டும் கிடைக்கும். பஞ்சாரைத் தாண்டினா நாகினி, குஷைனின்னு ஆற்றோரமாவே ஹோம்ஸ்டேக்கள். பஸ் ஔட்டுக்கு வர்றது பெரும்பாலும் விடியற்காலையில். கண்டக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லி வெச்சுட்டு, போனில் அலாரமும் வெச்சுக்கோங்க. ஊர் முடிஞ்சதுமே கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை. தூங்கிட்டீங்கன்னா அடுத்து கண் முழிக்கிறது குலுவில்தான்.